வாசலில் வெயில், நிலைப்படியில் அம்மா... கல்யாண வீடியோவும் ஹெச்.டி.ஆர் குழப்பமும்!

குமராட்சியில் ஓர் ஓட்டு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சித்திரை மாதத்து முற்பகல். தாலி கட்டி முடிந்து, பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்படுகிறாள். வாசலில் மாலை கட்டிய கார் நிற்கிறது. கார் பக்கத்தில் தாத்தா, சித்தப்பா, தெருக்காரர்கள். கூடத்துக்குள் ஓட்டு வீட்டுக்கே உரிய அந்தக் குளுமையான இருட்டு. நிலைப்படியில் கண் கலங்கி அம்மா நிற்கிறார். கூடத்துக்குள் நின்றபடி பெண்ணின் தம்பி போனைத் தூக்கிப் பிடிக்கிறான். முப்பது விநாடி வீடியோ.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், வாசல் அழகாக இருக்கிறது. கார் இருக்கிறது, தாத்தா இருக்கிறார். அம்மா நின்ற இடத்தில் மட்டும் ஒரு கறுப்பு நிழல். எடுக்கும்போதே அம்மா முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கூட்டியிருந்தால்? அம்மா தெரிந்திருப்பார். ஆனால், வாசல் முழுக்க வெள்ளை வேட்டியை விரித்துப்போட்ட மாதிரி ஆகி, காரும் தாத்தாவும் அதில் கரைந்துபோயிருப்பார்கள்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பது வீடியோ கேமரா வந்த நாளிலிருந்து இருக்கும் தலைவலி. அதற்கான மருந்துதான் ஹெச்.டி.ஆர் வீடியோ. 'ஹை டைனமிக் ரேஞ்ச்' என்பதன் சுருக்கம். இன்று பலருடைய பாக்கெட்டில் இருக்கும் போனிலேயே இந்த வசதி இருக்கிறது. சில போன்களில் நீங்கள் கேட்காமலேயே ஆன் ஆகியும் இருக்கிறது. அங்கேதான் அடுத்த தலைவலி ஆரம்பம். எடுத்த போனில் தங்கமாகத் தெரியும் வீடியோ, வாட்ஸ்அப்பில் போனதும் வெளிறிப்போகிறது. எடிட்டிங்குக்குக் கொடுத்தால் கண் கூசுகிறது. என்னதான் நடக்கிறது?

கண்ணுக்குத் தெரிகிறது, கேமராவுக்கு ஏன் தெரியவில்லை?

அதே கூடத்தில் நின்ற தம்பியின் கண்ணுக்கு அம்மாவும் தெரிந்தார், தாத்தாவும் தெரிந்தார். காரணம், நம் கண் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதில்லை. இருட்டைப் பார்க்கும்போது பாப்பா விரிகிறது, வெயிலைப் பார்க்கும்போது சுருங்குகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக மூளை தைத்துக் கொடுத்துவிடுகிறது. கேமராவின் சென்ஸார் அப்படி இல்லை. ஒரு ஃப்ரேமுக்கு ஒரு அளவு வெளிச்சம். அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெள்ளை, கீழே இருப்பதெல்லாம் கறுப்பு.

ஒரு பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவை 'நிட்' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தியின் ஒளி வந்தால் அது ஒரு நிட். உச்சி வெயிலில் காயும் வெள்ளை வேட்டி 20,000 நிட்டைத் தாண்டும். அதே நேரத்தில், வெளிச்சம் குறைந்த கூடத்தில் நிற்பவரின் மாநிற முகம் ஐந்து நிட், பத்து நிட் இருந்தால் அதிகம். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். வழக்கமான டி.வி வீடியோ தரத்திலோ, வெள்ளை நிறத்துக்கு வைத்திருந்த உச்ச அளவே 100 நிட்தான். பழைய குழாய் டி.வி காலத்துக் கணக்கு அது. யானையைப் பானைக்குள் அடைக்கச் சொன்ன கதை.

குமராட்சி மாதிரி ஊர்களில் இது இன்னும் கடுமை. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில், தெற்கே கொள்ளிடம், மேற்கே போனால் வீராணம் ஏரி. நடவு நேரத்தில் வயல் முழுக்கத் தண்ணீர். வானத்து வெளிச்சம் மேலிருந்தும் வருகிறது, தண்ணீரில் பட்டு கீழிருந்தும் வருகிறது. நடுவில் தலையில் முண்டாசும், முகத்தில் நிழலுமாக மனிதர்கள். பழைய கொள்ளிடத்தில் முதலை தலைகாட்டும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் போனில் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பாதி வீடியோவில் முதலை தெரியாது. மினுங்கும் தண்ணீரில் ஒரு கறுப்புக் கோடுதான் தெரியும். பிடிபடும் முதலைகளை வனத்துறை வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவது வழக்கம். (ஹெச்.டி.ஆர் இருக்கிறதே என்று கரைக்குப் பக்கத்தில் போய் எடுக்க வேண்டாம். எந்தப் போனும் முதலையிடமிருந்து காப்பாற்றாது.)

மேகம் வரைந்த கேப்டன்

இந்தப் பிரச்னை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1858-ல் கிழக்கிந்திய கம்பெனி ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று கோயில் கோயிலாகப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, நீளமாக ஒட்டி வைத்தவரும் இவர்தான்.

அவர் கையில் இருந்தது காகித நெகட்டிவ். கோபுரத்தின் சிற்பம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் விட்டால், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசி, வானத்தில் மேகத்தைக் கையால் வரைந்தார். இன்றும் அவருடைய படங்களில் கோபுரத்துக்குப் பின்னால் மிதக்கும் மேகங்களில் சில, கேமரா பார்த்தவை அல்ல, ட்ரைப் வரைந்தவை.

அதே 1850-களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே வேறு வழி கண்டுபிடித்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். 2010-ல் ஐபோன் 4-ல் ஹெச்.டி.ஆர் புகைப்பட வசதி வந்தபோது நடந்ததும், அடிப்படையில் லெ கிரே செய்த வேலைதான். வெளிச்சம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று என்று எடுத்து போனே சேர்த்துக் கொடுத்தது.

புகைப்படம் சரி. வீடியோவில் விநாடிக்கு 30 ஃப்ரேம் ஓடுகிறது. ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 33 மில்லி விநாடி. அதற்குள் நீண்ட எக்ஸ்போஷர் ஒன்று, குறுகிய எக்ஸ்போஷர் ஒன்று எடுத்து, ஒட்டி, அடுத்த ஃப்ரேமுக்குத் தயாராக வேண்டும். சில சென்ஸார்கள் ஒரே எக்ஸ்போஷரை இரண்டு விதமாகப் பெருக்கிப் படித்தும் இதைச் செய்கின்றன. எப்படியானாலும் வேகமான சிப் இல்லாமல் நடக்காத வேலை. அதனால்தான் புகைப்படத்தில் வந்து பல வருடங்கள் கழித்து வீடியோவுக்கு வந்தது.

ஒரே பெயர், இரண்டு வேலை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். போன் கம்பெனிகளும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவசரப்படுவதாகத் தெரியவில்லை. 'ஹெச்.டி.ஆர்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, எடுப்பது. இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பிடித்து, பிறகு அதைச் சாதாரண வீடியோவுக்குள் அமுக்கித் தருவது. அம்மா முகமும் தெரியும், வாசலும் தெரியும். கிடைப்பது சாதாரண வீடியோதான். எந்தப் போனிலும் எந்த டி.வி-யிலும் ஓடும். 2018-ல் வந்த ஐபோன் XS இதைத்தான் வீடியோவில் செய்தது. சாம்சங் போன்களில் 'ஆட்டோ ஹெச்.டி.ஆர்' என்று இருப்பதும் இந்த ரகம்தான்.

இரண்டாவது வேலை, காட்டுவது. பிடித்த வெளிச்சத்தை அமுக்காமல், 'இந்த இடம் உண்மையிலேயே பளீரென்று எரிய வேண்டும்' என்ற குறிப்போடு ஃபைலில் எழுதி வைப்பது. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த திரையில் பார்த்தால் குத்துவிளக்கின் சுடர் நிஜமாகவே எரிவதுபோல இருக்கும். நகையில் பட்ட வெளிச்சம் மினுங்கும். இதுதான் உண்மையான ஹெச்.டி.ஆர் வீடியோ. நிறத்திலும் வித்தியாசம் உண்டு. சாதாரண 8 பிட் வீடியோவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1,024 படிகள். வீராணம் கரையில் சூரியன் இறங்கும்போது எடுத்த சாதாரண வீடியோவில், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? படிகள் போதாமல் விழுவது அது. 10 பிட்டில் பெரும்பாலும் அந்தக் கோடுகள் மறைந்துவிடும்.

இந்த இரண்டாவது ரகத்திலும் ஒன்றுக்கு மூன்று முறைகள் இருக்கின்றன. பிரிட்டனின் பி.பி.சி-யும் ஜப்பானின் என்.ஹெச்.கே-யும் சேர்ந்து உருவாக்கியது ஹெச்.எல்.ஜி. டி.வி ஒளிபரப்புக்காக வந்தது, பழைய டி.வி-யிலும் ஓரளவு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்ற அக்கறையோடு செய்தது. 2018 உலகக்கோப்பைக் கால்பந்தை பி.பி.சி இதில்தான் இணையத்தில் ஒளிபரப்பிப் பார்த்தது. சாம்சங்கும் அமேசானும் 2017-ல் அறிவித்தது ஹெச்.டி.ஆர் 10 பிளஸ். மூன்றாவது டால்பி விஷன்.

போன்களில் முதலில் வந்தது 2018-ல், சோனியின் எக்ஸ்பீரியா XZ2. 4கே ஹெச்.டி.ஆர் வீடியோ எடுக்கும் முதல் ஸ்மார்ட்போன் என்று சொல்லி வந்தது. அடுத்த ஆண்டு சாம்சங் கேலக்ஸி எஸ்10, ஹெச்.டி.ஆர் 10 பிளஸ் முறையில். 2020 அக்டோபரில் ஐபோன் 12, டால்பி விஷனோடு. 2022-ல் கூகுளின் பிக்ஸல் 7-லும் 10 பிட் ஹெச்.டி.ஆர் வந்தது. அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 13, மற்ற ஆப்களும் ஹெச்.டி.ஆர் வீடியோ எடுக்க வழி திறந்துவிட்டது. கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்கு இது கொஞ்சம் முன்பே அறிமுகம். பானாசோனிக் ஜி.ஹெச் 5 கேமராவுக்கு 2017-ல் ஒரு மென்பொருள் அப்டேட்டில் ஹெச்.எல்.ஜி வந்தது. 2018-ல் வந்த சோனி ஏ7 மார்க் 3-லும் அது உண்டு.

ஐபோன் 12 வந்தபோது நடந்த ஒரு விஷயம்தான் முக்கியம். அதில் ஹெச்.டி.ஆர் வீடியோ தானாகவே ஆன் ஆகி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐபோனை வாங்கி, குமராட்சியில் பேரன் காதுகுத்தலை எடுக்கும் ஒருவர், தனக்கே தெரியாமல் டால்பி விஷனில் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

வெளிறிப்போன கூறைப்புடவை

எடுத்தவர் தன் போனிலேயே பார்க்கும்வரை பிரச்னை இல்லை. அந்தப் போனின் திரைக்கு அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியும். ஐபோன் 12-ல் சாதாரணமாக 625 நிட் வரை எரியும் திரை, ஹெச்.டி.ஆர் வீடியோவில் மட்டும் தேவையான இடங்களில் 1,200 நிட் வரை போகும். அதனால்தான் ஹெச்.டி.ஆர் வீடியோ ஓட ஆரம்பித்ததும் திரை திடீரென்று விழித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் வரிசையாக ரீல்ஸ் பார்க்கும்போது ஒன்று மட்டும் கண்ணைப் பறிக்கிறதே, அதுவும் இதுதான்.

ஆனால், கல்யாண வீடியோ எடுத்த போனோடு நிற்குமா? பெரியம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு போனுக்குப் போக வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்குப் போக வேண்டும். ஸ்டுடியோவில் எடிட் செய்பவருக்குப் போக வேண்டும். வீட்டு டி.வி-யில் பென் டிரைவ் செருகிப் பார்க்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அந்தக் குறிப்பைப் படிக்காமல் விட்டாலும் போதும்.

என்ன ஆகும் என்பதைப் படிக்கணக்கில் சொல்லலாம். பெரிய படியால் மூன்று படி நெல் அளந்து, சீட்டில் 'மூன்று' என்று எழுதி அனுப்புகிறீர்கள். வாங்குபவரிடம் இருப்பது சின்னப் படி. அவரும் சரியாக மூன்று படிதான் அளக்கிறார். நெல் குறைந்துவிடுகிறது. ஹெச்.டி.ஆர் வீடியோவில் நிறங்கள் பெரிய படியால் அளந்து எழுதப்பட்டவை. பழைய போனோ ஆப்போ அதைச் சின்னப் படியில் அளந்து காட்டும்போது நிறம் குறைகிறது. அரக்கு நிறக் கூறைப்புடவை பல தடவை துவைத்தது மாதிரி ஆகிவிடும். மஞ்சள் பூசிய முகம் சோகை பிடித்தது மாதிரித் தெரியும்.

எடிட்டிங்கில் வேறு மாதிரிக் கூத்து. சாதாரண வீடியோவுக்கான டைம்லைனில் ஹெச்.டி.ஆர் கிளிப்பைப் போட்டால், பழைய மென்பொருள்களில் வெளிச்சமான பகுதி வெடித்து வெள்ளையாகிவிடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்ட மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கழுத்துக்குக் கீழே வெறும் வெள்ளை. புதிய பதிப்புகளில் இதைத் தானாகவே சரிசெய்யும் வசதி வந்துவிட்டது. ஆனால், எல்லா ஸ்டுடியோவும் வருடா வருடம் புதுப் பதிப்புக்கு மாறுவதில்லையே. உறவினர்கள் ஆளுக்கொரு போனில் எடுத்துக் கொடுக்கும் கிளிப்புகளில் பாதி ஹெச்.டி.ஆர், பாதி சாதாரணம் என்று கலந்து வந்தால், ஒரே கல்யாணம் இரண்டு கல்யாணம் மாதிரித் தெரியும்.

டி.வி-யும் சும்மா இல்லை. பெட்டியின் மேல் '4கே ஹெச்.டி.ஆர்' என்று ஸ்டிக்கர் இருந்தால் அந்த டி.வி குறிப்பைப் படிக்கும், அவ்வளவுதான். பளீரென்று காட்டுமா என்பது வேறு. விலை குறைந்த பல மாடல்களின் திரைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதில் ஹெச்.டி.ஆர் வீடியோ சாதாரண வீடியோவைவிட மங்கலாகத் தெரிவதும் உண்டு. போனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெயிலில் நின்று பார்க்கும்போது திரை ஏற்கெனவே முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் எரிய இடமில்லை. ஹெச்.டி.ஆரின் அழகைப் பார்க்க வீட்டுக்குள் வர வேண்டும்.

முகம் என்ன நிறம்?

இது வெறும் டெக்னிக்கல் சமாசாரம் இல்லை. யாருடைய முகம் படத்தில் தெரிய வேண்டும் என்று கேமரா செய்பவர்கள் நெடுங்காலமாக முடிவெடுத்து வந்திருக்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம், பிரின்ட் போடும் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஓர் அட்டை கொடுத்தது. 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் ஒழுங்காக வந்தால் பிரின்ட் ஒழுங்கு என்று அர்த்தம். கறுத்த முகங்கள் எப்படி வருகின்றன என்பது பல பத்தாண்டுகள் யாருடைய கணக்கிலும் இல்லை. கூகுள் 2021-ல் பிக்ஸல் 6 போனில் 'ரியல் டோன்' என்ற பெயரில் எல்லா நிற முகங்களையும் அதனதன் நிறத்தில் காட்ட முயன்றதே, இந்தப் பழைய குறையை ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

நம் ஊர்க் கல்யாண வீடியோவில் இதற்குத் தீர்வாக வந்தது பெரிய வீடியோ லைட். மணமேடையில் உட்கார்ந்தவர்களின் முகத்தில் நேராக அடித்து, அவர்களைக் கண் சிமிட்ட வைத்த லைட். அந்த லைட் விழுந்த வட்டத்துக்கு வெளியே இருந்த சொந்தபந்தம் அத்தனையும் இருட்டில். தொண்ணூறுகளின் வி.ஹெச்.எஸ் கேசட் யார் வீட்டிலாவது இருந்தால் போட்டுப் பாருங்கள், புரியும். அதற்குப் பிறகு வந்தது எடிட்டிங்கில் முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம். இன்று போனிலேயே பியூட்டி ஃபில்டர்.

ஹெச்.டி.ஆர் வீடியோவின் உண்மையான லாபம் இங்கேதான். பளீரென்ற வாசலுக்கு முன்னால் நிற்கும் மாநிற முகத்தை, வெளுக்காமல், லைட் அடிக்காமல், அதன் நிறத்திலேயே காட்ட அதனால் முடியும். கடலூர் மாவட்டத்து வெயிலுக்கும் நம் முகங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான வசதி கேமராவில் வந்ததில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சில போன்கள் இருட்டைக் கண்டாலே துடைத்துவிடப் பார்க்கின்றன. நிழல் எல்லாம் சாம்பலாகி, முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். கருவறையின் இருட்டு இருட்டாக இருந்தால்தான் தீபாராதனைக்கு அழகு. 'நாயகன்' படத்துக்கு தேசிய விருது வாங்கிய பி.சி.ஸ்ரீராம், இருட்டை வைத்தே காட்சி சொன்னவர். 'இவர் படம் இருட்டாக இருக்கிறதே' என்று அப்போது அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. அவருக்குத் தெரிந்த விஷயம் போனுக்குத் தெரியாது. அது எல்லாவற்றையும் தெரியவைக்கத்தான் பார்க்கும்.

எப்போது ஆன், எப்போது ஆஃப்?

முதலில் உங்கள் போனில் இது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் கேமரா, அதற்குள் ரெக்கார்டு வீடியோ, அங்கே ஹெச்.டி.ஆர் வீடியோ. சாம்சங்கில் கேமரா செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு வீடியோ ஆப்ஷன்ஸ். ஆண்ட்ராய்டு போன்களில் மாடலுக்கு மாடல் இடமும் பெயரும் மாறும். சில போன்களில் இந்த வசதியே இருக்காது. அதில் தவறில்லை, முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை லாக் செய்தாலும், இல்லையென்றால் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தாலும் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

உறவினர் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடப்போகும் வீடியோ, ஸ்டுடியோவில் கொடுத்து எடிட் செய்யப்போகும் வீடியோ... இந்த இரண்டுக்கும் ஹெச்.டி.ஆரை ஆஃப் செய்துவிடுவதே நிம்மதி. பெரும்பாலான நல்ல போன்கள், ஹெச்.டி.ஆர் வீடியோவை ஆஃப் செய்தாலும், இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த முதல் வேலையைத் தொடர்ந்து செய்யும். அம்மா முகம் அதிலேயே ஓரளவு மீண்டுவிடும். ஸ்டுடியோக்காரருக்குக் கொடுப்பதாக இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே 'ஹெச்.டி.ஆரில் எடுக்கலாமா அண்ணா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆன் செய்ய வேண்டியது எப்போது? நீங்கள் வைத்துக்கொள்வதற்காக எடுக்கும்போது. தாத்தாவின் சதாபிஷேகம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி கதை சொல்வது, சிதம்பரம் நான்கு வீதிகளில் மார்கழியிலும் ஆனியிலும் வரும் தேர். தேர் ஓர் அருமையான சோதனை. மேலே வெயிலில் துணிகளும் கொடிகளும். கீழே தேர் நிழலில் வடம் பிடிக்கும் கைகள். சாதாரண வீடியோவில் ஒன்று போய்விடும். மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி அதற்கு நேரெதிர். 1981-ல் தொடங்கிய இந்த விழாவில், ராத்திரி இருட்டில் மேடை விளக்கு மட்டும் ஆடுபவரின் மேல். சாதாரண வீடியோவில் ஆடுபவரின் முகம் வெள்ளைப் பொட்டாகிவிடும், ஹெச்.டி.ஆரில் முகபாவம் தெரியும். இன்று உங்களிடம் அதைக் காட்ட நல்ல திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஹெச்.டி.ஆரில் எடுத்ததைப் பிறகு சாதாரண வீடியோவாக மாற்றிக்கொள்ளலாம். சாதாரணமாக எடுத்ததில் கரைந்துபோன வானத்தையோ முகத்தையோ யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

சில இடங்களில் ஆன் செய்தாலும் பெரிய பயன் இல்லை. ஒரே ஒரு டியூப்லைட் எரியும் அறையில் வெளிச்ச வித்தியாசமே இல்லை; புள்ளிப் புள்ளியாக வரும் சத்தத்தைத்தான் கூட்டிக் காட்டும். மண்டபத்து சீரியல் விளக்குகள் எல்.இ.டி என்றால், குறுகிய எக்ஸ்போஷரில் அவை சிமிட்டுவது பட்டையாகப் பதியலாம். அட்சதை தூவும்போது கைகளைச் சுற்றி இரட்டைக் கோடு தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். இரண்டு எக்ஸ்போஷருக்கும் நடுவில் கை நகர்ந்துவிட்டதுதான் காரணம்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்ற கவலை பலருக்கு. ஐபோன் செட்டிங்ஸிலேயே கணக்கு இருக்கிறது. 4கே, 30 ஃப்ரேமில் ஒரு நிமிடத்துக்கு சாதாரண வீடியோ சுமார் 170 எம்.பி, ஹெச்.டி.ஆர் சுமார் 190 எம்.பி. அரை மணி நேரத்துக்கு 5.1 ஜி.பி எங்கே, 5.7 ஜி.பி எங்கே; பெரிய வித்தியாசம் இல்லை. 60 ஃப்ரேமுக்குப் போனால்தான் இரண்டு மடங்குக்கு மேல் எகிறும். அதோடு 60 ஃப்ரேமில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சமும் குறைவு. வீட்டு விசேஷத்துக்கு 30 தாராளம்.

அனுப்புவதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்படும். 2023-ல் வந்த 'ஹெச்.டி' பட்டனை அழுத்தினாலும் சுருக்கம் குறையுமே தவிர ஒரிஜினல் போகாது. அதே வீடியோவை 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். 2 ஜி.பி வரை அனுமதி. ஆனால், வாங்குபவரின் போனுக்கு ஹெச்.டி.ஆர் தெரியாவிட்டால் அங்கே போயும் வெளிறும். எல்லோருக்கும் காட்ட வேண்டுமென்றால் யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆகப் போட்டு, லிங்க்கை மட்டும் குரூப்பில் கொடுக்கலாம். யூடியூப் 2016 முதல் ஹெச்.டி.ஆரை ஏற்கிறது. நல்ல திரை உள்ளவருக்கு ஹெச்.டி.ஆராகவும், இல்லாதவருக்கு அதுவே மாற்றி சாதாரண வீடியோவாகவும் காட்டும். சிங்கப்பூர் மாமாவும் பெரியம்மாவும் ஒரே லிங்க்கில் பார்க்கலாம். லிங்க் கையில் கிடைத்த யாரும் பார்க்க முடியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியாகிவிட்டதே என்று கேலரியில் இருக்கும் ஒரிஜினலை அழிப்பவர்கள் ஏராளம். போனில் இடமில்லை என்றால் லேப்டாப்புக்கோ ஹார்டு டிஸ்க்குக்கோ மாற்றிவிட்டு அழியுங்கள். குரூப்பில் சுற்றுவது நகலின் நகல்.

இத்தனையும் குழப்பமாக இருந்தால், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு காரியம் செய்யலாம். முற்பகல் வெயிலில் அம்மாவைக் கூப்பிட்டு நிலைப்படியில் நிற்கச் சொல்லுங்கள். கூடத்துக்குள் நின்று ஹெச்.டி.ஆர் ஆன் செய்து பத்து விநாடி, ஆஃப் செய்து பத்து விநாடி எடுங்கள். இரண்டையும் வீட்டு டி.வி-யில் போட்டுப் பாருங்கள். இரண்டையும் குடும்ப குரூப்பில் போட்டு, "எதில் அம்மா நல்லா தெரியறாங்க?" என்று கேளுங்கள். பெரியம்மாவின் பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருங்கள். அவர் கையில்தான் குடும்பத்திலேயே பழைய போன் இருக்கிறது.